பெந்தோட்டை ஆற்றில் ஜெட் ஸ்கீ

கண்டியில் எங்கள் வீட்டாருக்குத் தண்ணீர் என்றால் பார்க்கத்தான். 1807-இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவியைச் சுற்றி நடப்போம். பேராதனையில் நின்று மகாவலியைப் பார்ப்போம். இறங்கமாட்டோம். அதனால் இந்த விடுமுறையில் பெந்தோட்டையில் நானே ஜெட் ஸ்கீ ஓட்டியது எனக்குப் பெரிய விஷயம்.

கடலில் அல்ல, ஆற்றில். பெந்தோட்டை கங்கை கடலில் சேருமுன் ஒரு மணல்திட்டுக்கு இப்பால் கரையோரமாகவே ஓடுகிறது. அலை இல்லை. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நல்ல இடம்.

உயிர்காப்பு அங்கியை இறுக்கிவிட்ட தம்பி, சுருள் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் மாட்டினார். விழுந்தால் கயிறு வண்டியிலிருந்து கழன்று எஞ்சின் நின்றுவிடும். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: பயந்து விசையை விட்டால் வண்டி திரும்பாது. ஜெட் ஸ்கீக்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீய்ச்சும் நீர்தான் அதைத் திருப்புகிறது. விசையை விட்டால் பெரும்பாலும் நேரே போய் மோதும். இதைச் சொல்லித்தராத இடத்தில், கயிறு மாட்டாத இடத்தில், தயவுசெய்து பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஆறு அகலமான இடத்தில் விசையை நன்றாக அழுத்தினேன். முகத்தில் தண்ணீர் அறைந்தது, அவ்வளவு சந்தோசம்! கரையில் நின்ற அம்மா, அடுத்த முறை தானும் பின்னால் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்.