கடனைப் பெருக்கினால் வரவா?

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மைனஸ் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமலே பணிக்காலம் முழுக்கப் பாடம் நடத்தினேன். தெரியாததைக்கூட மன்னித்துவிடலாம். அதை மறைக்க ஒரு பையனின் வாயை அடைத்தேனே, அதற்குத்தான் இந்த வாக்குமூலம்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம். பிளஸ் என்றால் வரவு, மைனஸ் என்றால் கடன் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். கூட்டல், கழித்தல்வரை சிக்கல் வராது. பெருக்கல் வந்ததும், ‘மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்’ என்று வகுப்பையே கூட்டாகச் சொல்ல வைத்துவிட்டுப் பயிற்சிக் கணக்குக்குத் தாவிவிடுவேன். ஒருநாள் ஒரு பையன் எழுந்தான். “சார், எங்கப்பா ரெண்டு எடத்துல கடன் வாங்கியிருக்காரு. கடனைக் கடனால பெருக்குனா எப்படி சார் வரவாகும்?”

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. “விதின்னா விதிதான். உட்காருடா அதிகப்பிரசங்கி” என்றேன். அதன்பின் அவன் என் வகுப்பில் எதுவுமே கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் தவறினான். முழுப் பழியும் என்னுடையதல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். என் பங்கு உண்டு.

அறிவியல் ஆசிரியர் இல்லாத காலத்தில் மின்சாரப் பாடமும் என் தலையில் விழுந்தது. மின்னோட்டம் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குப் போகிறது என்று எழுதிப்போட்டேன். எலக்ட்ரான் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவுக்குப் போகிறது என்று அதன் கீழேயே எழுதிப்போட்டேன். அதே பிள்ளைகள் இரண்டையும் நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தவர்களாயிற்றே.

ஓய்வுக்குப் பிறகு, மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் ஓடவில்லை என்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்தார். திரையில் -12.4 என்று வந்தது. நான் பதறினேன். “ஒயரை மாத்தி வச்சிட்டேன் சார், அவ்ளோதான். பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்றவர், கையிலிருந்த ஒயர்களை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரியைத் திருப்பிப்போட்டார். மைனஸ் போய் 12.4 நின்றது. ஒயர் மாறியது ஒரு மைனஸ், பேட்டரி திரும்பியது இன்னொரு மைனஸ், சேர்ந்து பிளஸ்.

பேட்டரிக்குள் ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைத்தான் அந்தச் சின்னக் கோடு சொல்கிறது. எந்தப் பக்கம் பிளஸ் என்பதும் மனிதர் வைத்த பெயர்தான். 1747-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வைத்தார். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். பழைய பெயரிடலின்படி அதற்கு மைனஸ் வாய்த்தது. அதனால்தான் எலக்ட்ரான் ஒரு திசையிலும், நாம் படத்தில் போடும் மின்னோட்ட அம்புக்குறி எதிர்த்திசையிலும் போகின்றன. ஒரு முறையை எடுத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் போட்டால் கணக்கு தப்பாது. நான் எழுதிப்போட்ட இரண்டு வரியும் சரிதான். இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

பையனின் கேள்விக்கும் ஊரிலேயே பதில் இருந்தது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பது -10,000. அப்படி ஐந்து கடனை நீக்கினால் -5 இன்ட்டு -10,000. குடும்பத்துக்கு 50,000 ரூபாய் மிச்சம். கடனைக் கடனால் யாரும் பெருக்கவில்லை; ஒரு மைனஸ் கடனைக் குறிக்கிறது, இன்னொன்று அதை எடுத்துவிடுவதைக் குறிக்கிறது. பிரம்மகுப்தர் 628-இலேயே குறை எண்ணுக்குக் கடன் என்று பெயரிட்டு, இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் வரும் என்று விதி எழுதிவிட்டார். ஆக, கடன் என்று நான் தொடங்கியதில் தவறில்லை. பையன் கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டதுதான் தவறு.

இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டு, பதில் தெரியாவிட்டால், “தெரியலப்பா, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள். அதனால் வாத்தியாரின் மரியாதை குறையாது. சொன்னபடி மறுநாள் பார்த்துவிட்டுப் போங்கள்.