பிரான்ஸ் மலைச்சாலைகளில் – 3: பூட்டிய கடைகளும் ஒரு தட்டுப் பருப்பும்

ரோன் ஆற்றங்கரையில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிய கதையைப் போன பகுதியிலேயே முடித்துவிட்டேன். லா வூல்ட் என்ற ஊரில் ஆற்றை விட்டு மேற்கே திரும்பினோம். காற்று நின்றது, லாரிச் சத்தமும் நின்றது. இனிமேல் மலைதான்.

இங்கிருந்து ஏரியூ என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குள் 'தோல்சே வியா' என்ற சைக்கிள் பாதை புகுந்து, கிளைகளையும் சேர்த்துச் சுமார் 90 கிலோமீட்டர் போகிறது. ஒரு காலத்தில் இது மீட்டர் கேஜ் ரயில் தடம். 1968-ல் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளம் போய், பொடிச்சரளை கொட்டி இறுக்கிய பாதை வந்தது. நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறவேண்டும் என்று போட்ட தடமாகையால் எங்கும் செங்குத்து கிடையாது. ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் லா வூல்டில் கிளம்பி, ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் சேந்த்-அக்ரேவ் வரை ஏறுகிறோம் என்பதே உறைப்பதில்லை. வழியில் குகைகள், கல்பாலங்கள், வீடாகவும் காபிக்கடையாகவும் மாறிவிட்ட பழைய ஸ்டேஷன்கள். கீழே ஆறு பாறைகளுக்கிடையில் இரைந்துகொண்டே கூட வருகிறது.

ஆற்றோரம் நாலைந்து மாடி உயரத்துக்குக் கல்கட்டிடங்கள் நிற்கின்றன. வரிசை வரிசையாக ஜன்னல்கள், பாதிக்குமேல் கண்ணாடி இல்லை. எல்லாம் பட்டுநூல் முறுக்கிய ஆலைகள். இந்த மலைகளில் வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்த்த காலம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களுக்கு நோய் வந்தது. தெற்கே அலேஸ் பக்கம் 1865-ல் லூயி பாஸ்தேரே வந்து தங்கி ஆராய்ந்தார். நோயைத் தடுக்க வழி கிடைத்தது, ஆனால் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஜனங்கள் பள்ளத்தாக்கை விட்டு இறங்கினார்கள். மிச்சமிருந்த இளைஞர்களை 1914 போர் வாரிக்கொண்டு போனது. பத்து வீடுகூடத் தேறாத ஒரு குக்கிராமத்தில் போர் நினைவுக்கல்லைப் பார்த்தோம். பெயர்ப்பட்டியல் முழங்கை நீளம் இருந்தது. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த வரிகளில் மறுபடி மறுபடி வந்தது. என் மனைவி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

சைக்கிள்காரர்கள் கொண்டாடும் இந்த அமைதி இப்படித்தான் வந்தது. ஆட்கள் போய்விட்டார்கள், சாலைகள் இருக்கின்றன.

சாலைகளைப் பற்றி மனமாரப் பாராட்டிச் சொல்லவேண்டும். மிஷ்லின் வரைபடத்தில் சிவப்புச் சாலை அவசரக்காரர்களுக்கு, மஞ்சள் சாலை அவசரமில்லாத கார்களுக்கு, வெள்ளைச் சாலை பால் வண்டிக்கும் எங்களுக்கும். சாலையின் மேல் சின்ன அம்புமுனை ஒன்று போட்டிருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். மனைவி காலையில் வரைபடத்தை விரித்து முதலில் அம்புமுனைகளைத்தான் தேடுவாள். மூன்று பசுமாடும் ஒரு கிழவரும் மட்டும் இருக்கிற இடத்துக்குக்கூடக் குழியில்லாத தார்ச்சாலை போகிறது. எப்போதாவது ஒரு கார் வந்தால், பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து, வளைவு முடிந்த பிறகு எதிர்ப்பக்கம் முழுக்க ஒதுங்கிக் கடக்கிறது. ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் விடவேண்டும் என்பது சட்டம். மலையில் அதை மதிக்கிறார்கள்.

சுத்தமும் அப்படித்தான். பாதை நெடுக ஒரு பிளாஸ்டிக் உறையைப் பார்க்கவில்லை. கிராமத்துப் பொதுக் கழிப்பறைக்குக் காசு கிடையாது, தண்ணீர் வருகிறது, பெரும்பாலும் காகிதமும் இருக்கிறது. நாய்க் கழிவு விஷயத்தில் மட்டும் இவர்களை மன்னிக்க முடியாது. நாயை அவ்வளவு செல்லமாக வளர்ப்பவர்கள் அதன் பின்னால் ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு வந்தால் என்ன?

குடிதண்ணீருக்கு வழி சொன்னவர் எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள் என்றார். மனைவி முகம் மாறிவிட்டது. விஷயம் எளிமையானது. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் உண்டு. குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் பலகை வைத்திருப்பார்கள். முதல் தடவை தயங்கினாள். மறுநாள் தூரத்தில் சைப்ரஸ் மரங்களைக் கண்டதுமே பாட்டிலைக் கழற்றிவிட்டாள்.

சேந்த்-அக்ரேவில் ஏறி முடித்தால் மேலே பரந்த மேட்டுநிலம். கிழக்குப் பக்கம் விழும் மழை ஏரியூ வழியாக ரோனில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. கொஞ்சம் மேற்கே தள்ளி விழுந்தால் லின்யோன், லுவார் வழியாக அட்லாண்டிக் கடலுக்கு. இந்தப் பக்கத்து மலைகளில்தான் போல் த விவி (1853–1930) சைக்கிள் ஓட்டித் திரிந்தார். வடக்கே சேந்த்-எத்தியேன் நகரத்தில் வாழ்ந்தவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறுவேறு கியர் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். பந்தயக்காரர்கள் அது பலவீனம் என்றார்கள். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். சின்னப் பல்சக்கரத்துக்குச் சங்கிலியைத் தள்ளி, மூச்சு வாங்காமல் ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரை நன்றியோடு நினைத்தேன். அவர் சைவ உணவுக்காரரும்கூட. பசிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடவேண்டும், தாகத்துக்கு முன்னால் குடித்துவிடவேண்டும் என்பது அவர் சைக்கிள்காரர்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று.

அடுத்து லெ ஷாம்போன்-சூர்-லின்யோன். நாஜிகள் காலத்தில் ஆந்த்ரே த்ரொக்மே என்ற பாதிரியாரும் ஊர் ஜனங்களும் யூதர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, வீடுகளிலும் விடுதிகளிலும் பண்ணைகளிலும் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஊர். ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தே 1990-ல் இஸ்ரேல் கௌரவித்தது. ஆல்பெர் காம்யூ காசநோயோடு வந்து ஊருக்குப் பக்கத்தில் தங்கி 'கொள்ளை நோய்' நாவலை எழுதிக்கொண்டிருந்ததும் அந்த நாஜிகள் காலத்தில்தான். நாங்கள் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இத்தனை சாதாரணமான ஊரா என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. பிரான்ஸ் கிராமத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இந்தக் கிழமையைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலையில் ரொட்டி விற்ற கடை திங்களன்று பூட்டு. மளிகைக் கடை பன்னிரண்டரைக்கு அடைத்தால் மூன்றரைக்குத்தான் திறக்கும். இருந்த ஒரே சாப்பாட்டுக்கடையில் ஒன்றே முக்காலுக்கு நுழைந்தோம். மேஜைகளில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அடுப்பை அணைத்தாயிற்று என்கிறாள் பரிமாறுகிற பெண். ஒரு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும் என்றேன். சிரித்த முகத்தோடு முடியாது என்றாள். உழைப்பவர்களுக்கு ஓய்வு நேரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மலையேறி வந்தவரைப் பட்டினியாக அனுப்புவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்த கிராமத்தில் ஜன்னல்கள் எல்லாம் மரக்கதவு போட்டுச் சாத்தியிருந்தன. ஒரு வீட்டு வாசலில் மட்டும் எண்பதை நெருங்கும் ஒரு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதலில் வணக்கம் சொன்னேன். வணக்கம் சொல்லாமல் இந்த நாட்டில் எதையும் கேட்கக் கூடாது. ரொட்டி எங்கே கிடைக்கும், மதாம்? அவர் எங்களையும் சைக்கிள்களையும் ஒரு பார்வை பார்த்தார். ரொட்டி வேன் இனி புதன்கிழமைதான் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் என்றார். பிறகு, "இறைச்சி சாப்பிடுவீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் இருபத்தைந்து நிமிடம் காத்திருங்கள்" என்று தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

தடித்த சுவர், தாழ்ந்த உத்தரம், கல்பலகை வேய்ந்த கூரை. குளிர்காலத்தில் 'பூர்ல்' என்ற வடகாற்று பனியை வாரிக்கொண்டுவந்து வாசலை மூடிவிடும் நாடு இது, வீட்டை அதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். தரை கழுவித் துடைத்துப் பளிச்சென்றிருந்தது. அடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து பச்சைப் பருப்பைக் கொட்டினார். லெ புய் நகரத்தைச் சுற்றிய எரிமலை மண்ணில் விளைவது, மெல்லிய தோலில் நீலப் புள்ளி ஓடும். அங்கே விளைந்ததைத் தவிர வேறெதையும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 1996-ல் ஆணையே பிறப்பித்திருக்கிறார்கள். ஊறவைக்கத் தேவையில்லை. காரட், வெங்காயம், பிரிஞ்சி இலை சேர்த்து வேகவிட்டு, உப்பைக் கடைசியில் போட்டு, கடுகு அரைத்த சாந்தும் வினிகரும் எண்ணெயும் கலந்து மேலே ஊற்றினார்.

மனைவி ஒரு வாய் எடுத்ததும் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம மைசூர்ப் பருப்பத் தோலோட வேகவச்ச மாதிரி இல்ல?"

உண்மையில் இரண்டும் ஒரே செடியின் வகைகள்தான். அதை மதாமிடம் சொன்னபோது நம்பவில்லை. மைசூர்ப் பருப்பின் நிறத்தைக் கேட்டார், ஆரஞ்சு என்றதும் சத்தமாகச் சிரித்தார்.

ரொட்டியைத் தட்டில் வைப்பதில்லை, மேஜைவிரிப்பின்மேல் அப்படியே வைக்கிறார்கள். பருப்பு முடிந்ததும் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு அதே தட்டில் பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். மனைவிக்கு இது முதலில் ஒப்பவில்லை. மதாம் துடைத்த தட்டைப் பார்த்தபிறகு ஒப்பியது, கழுவினால்கூட அவ்வளவு சுத்தம் வராது. பிக்கோடோன் என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் கட்டி வந்தது, பிறகு மலைக் கருநாவல் நிறத்தில் காட்டுப்பழம் பரப்பிய பணியாரம், கடைசியில் எலுமிச்சை மணம் வீசும் இலைத் தேநீர். ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல். பேச்சு அதற்கிடையில். ஊர்ப் பள்ளிக்கூடம் மூடியாயிற்று, தபால் ஆபீஸ் மூடியாயிற்று, மகன் லியோனில் இருக்கிறான், ஆகஸ்டில் வருவான். "சைக்கிள்காரர்கள் இங்கே அமைதியாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்" என்றார். "எனக்குக் கொஞ்சம் சத்தம் இருந்தால் பரவாயில்லை."

பணத்தை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால் அட்டை போட்டால் போதும் என்றார்.

அதற்குப் பிறகு பார்த்தவை எதுவும் அந்தச் சமையலறை அளவுக்கு மனதில் ஒட்டவில்லை. மெஸான் மலை (1753 மீட்டர்) மேகத்துக்குள் இருந்தது. ஜெர்பியே த ஜோன் (1551 மீட்டர்) அடிவாரத்தில்தான் பிரான்சின் மிக நீளமான லுவார் ஆறு பிறக்கிறது. கார் நிறுத்துமிடம், பொம்மைக் கடைகள், கூட்டம். நதி பிறக்கும் இடம் இதுதான் என்று மூன்று ஊற்றுகள் உரிமை கொண்டாடுகின்றன, ஒன்று பண்ணைக் கட்டிடத்துக்குள் குழாயில் வருகிறது. மூன்றிலும் கை நனைத்துவிட்டுக் கிளம்பினோம்.

இரவு தங்கிய விடுதியில் அறை வாடகை போக, கொட்டகையில் சைக்கிள் நிறுத்தியதற்கு ஒன்றுக்கு 8 யூரோ என்று காலையில் பில்லில் எழுதியிருந்தது. முன்கூட்டிச் சொல்லவில்லையே என்றேன். பலகையில் இருக்கிறது என்றார் முதலாளி. கொட்டகைக்குள், கதவுக்குப் பின்னால், ஒரு பலகை இருந்தது. நான் சண்டை போட்டேன், மனைவியும் போட்டாள், 16 யூரோவும் போனது. வாசலில் நின்ற முதலாளியிடம் விடைபெறாமல் ஏறி உட்கார்ந்தோம். லெ மொனாஸ்தியே வரை பெரும்பாலும் இறக்கம். 1878-ல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு கழுதையை வாங்கிக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கிய ஊர் அது. அங்கே முதலில் தபால் அட்டை விற்கும் கடையைத் தேடவேண்டும், அதுவும் பன்னிரண்டரைக்கு முன்னால்.

(தொடரும்)