வரி இல்லாத ஊருக்குப் போன மகன்

"அம்மா, நாங்க டெக்சாஸுக்கு மாறப்போறோம். அங்க மாநில வருமான வரி கிடையாது" என்று மூத்தவன் வாட்ஸ்அப்பில் சொன்னபோது எனக்கு விளங்கவே இல்லை. வரிக்காக யாராவது ஊர் மாறுவார்களா?

என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்தவர். சங்கரன்கோவில், கும்பகோணம், பெங்களூரு, கான்பூர் என்று சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். எந்த ஊரானாலும் வருமான வரி ஒன்றுதான். அது டெல்லிக்குப் போவது. மாறியது தொழில் வரி மட்டும். பெங்களூரில் மாதம் 200 ரூபாய் பிடித்தார்கள், கான்பூரில் அதுவும் இல்லை. அதற்காக யாரும் கான்பூருக்கு மாற்றல் கேட்டு நான் பார்த்ததில்லை. (சிக்கிம்காரர்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு என்பார் அவர். நாம் போய்க் குடியேறினால் கிடைக்காது!)

அமெரிக்கக் கணக்கு வேறு. மத்திய அரசு வாங்குவதுபோக மாநிலமும் வருமான வரி வாங்கும். கலிபோர்னியாவில் படிப்படியாக ஏறி, உச்சத்தில் நூற்றுக்கு 13.3 வரை போகும். டெக்சாஸ், புளோரிடா மாதிரி சில மாநிலங்களில் பூஜ்யம். மகன், மருமகள் இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. "வருஷத்துக்கு ஒரு சின்ன கார் விலை மிச்சம்மா" என்றான்.

சன்னிவேலில் இருந்தவரை வாடகை வீடுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும், "இன்னும் ரெண்டே வருஷம், ஊருக்கு வந்துருவோம்" என்பான். நானும் கரிவலம்வந்தநல்லூர் வீட்டில் மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்குப் போன மறு வருஷமே வீடு வாங்கிவிட்டார்கள். போன குளிர்காலத்தில் போயிருந்தேன். நாலு படுக்கையறை. காரில் போனால் அனுமார் கோயில். தெருவில் தெலுங்கும் தமிழும் கேட்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நாள் தபாலில் வந்த காகிதத்தோடு உட்கார்ந்திருந்தான். வீட்டு வரி. ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். 9,000 டாலருக்கு மேல்!

"ஏல, வரி இல்லாத ஊருன்னு சொன்னே?"

"வருமானத்துக்குத்தாம்மா இல்ல."

வீட்டு மதிப்பில் நூற்றுக்கு இரண்டுக்குப் பக்கம் வருகிறதாம். கலிபோர்னியாவில் 1978-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இதை நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். என்ன பிரயோஜனம், அங்கே வீடு விற்கிற விலைக்கு இவர்கள் கிட்டவே போக முடியவில்லை. "மிச்சம் பிடிச்சதுல பாதி இதுலயே போயிருது அத்தை" என்றாள் மருமகள்.

டீச்சர் வேலை பார்த்தவள் ஆயிற்றே, காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. என் பேத்தி ஃபீஸ் இல்லாமல் படிக்கிற பள்ளிக்கூடம். சரி, கட்டட்டும் என்று தோன்றியது.

அப்போதுதான் சாதாரணமாகச் சொன்னான்: "எங்களுக்கு 65 வயசாயிட்டா, பள்ளிக்கூட வரி அதுக்கு மேல ஏறாதும்மா."

அவனுக்கு இப்போது 41. நான் எழுந்து போய் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தேன்.

ஊர் திரும்பியதும் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். வீட்டு வரியை ஆன்லைனிலும் கட்டலாம். எனக்குப் பால்வண்ணநாதரைக் கும்பிட்டுவிட்டு நடந்து போய், கையில் ரசீது வாங்கினால்தான் திருப்தி. 400 ரூபாய்ச் சொச்சம். ரசீது இன்னும் காலமான என் வீட்டுக்காரர் பேரில்தான் வருகிறது.

"பேரு மாத்தணுமே ஆச்சி. மகன் பேருக்கே மாத்திருவமா?" என்று கேட்டார் அங்கிருந்த தம்பி.

"இப்போதைக்கு என் பேருக்கு எழுதுங்க" என்றேன்.