சின்னத்திரையும் வீட்டுத் திண்ணையும்

தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதைக் குற்றமெனக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். ‘வேலையற்றோர் வேலை’ என்று இகழ்வாரும் உண்டு. ‘கண்ணோடு கருத்தையும் கெடுக்கும்’ என்று எச்சரிப்பாரும் உண்டு. நாமோ தொடர்களின் நெடுநாளைய ரசிகர். 1983ஆம் ஆண்டில் தலைநகருக்குக் குடிவந்தது முதல் பார்த்து வருகிறோம். அவற்றைப் பற்றி நமக்குத் தோன்றுவனவற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதிய கதை. குடிப்பழக்கத்தால் குடும்பத்தை வாட்டும் தந்தை பஸேசர் ராம், வாய் திறவாது அனைத்தையும் பொறுக்கும் தாய் பாக்வந்தி, வேலை தேடி அலையும் மகன் லல்லு, மூத்தவள் பட்கீ, அவளுடைய தங்கையர் என்று ஒரு நடுத்தரக் குடும்பம். அரைகுறை இந்தியுடன் வந்திறங்கிய நமக்கு அத்தொடரே பள்ளிக்கூடமாயிற்று. காய்கறிக்குப் பேரம் பேசும் இந்தியைச் சந்தையிலே கற்றுவிடலாம். மகளை அதட்டும் இந்தியையும், மனம் நொந்து சொல்லும் இந்தியையும் எங்கே கற்பது? அவற்றைப் பட்கீயின் வீட்டாரே நமக்குக் கற்பித்தனர். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரோடு மாடிப்படியில் நின்று, பட்கீ செய்தது சரியா தவறா என்று வாதிட்ட நாளிலேதான் இவ்வூர் நமக்கு ஓரளவு சொந்த ஊராயிற்று.

அத்தொடரின் ஒரு சிறப்பை இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக்குமார் தோன்றி, நடந்ததைப் பற்றிச் சில சொற்கள் பேசுவார். தாமே தீர்ப்புக் கூறி முடித்துவிடாமல், முடிவைப் பார்ப்போர் சிந்தனைக்கே விட்டுச் செல்வார். அவர் விட்ட இடத்திலிருந்து நம் வீட்டில் பேச்சுத் தொடங்கும். ஊரிலே மாலை வேளைகளில் திண்ணை செய்து வந்த பணியை, திண்ணையில்லாத அரசாங்கக் குடியிருப்பில் அப்பெரியவர் செய்தார் எனலாம்.

பாக்வந்தியின் அடக்கத்தால் விளையும் துன்பத்தைக் காட்டவே ஆசிரியர் அவளைப் படைத்தார். ஆனால் பார்த்தவர்களுள் பலர், ‘பெண் என்றால் இவளைப்போல் அன்றோ இருத்தல் வேண்டும்!’ என்று அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர். பின்னாளில் இத்தொடரை ஆராய்ந்தோர் இதனைப் பதிவு செய்துள்ளனர். திரை ஒன்று சொல்ல, வீடு வேறொன்று கேட்டுக்கொள்கிறது. ஆகவே தொடரைப் பார்த்தால் மட்டும் போதாது. பார்த்தபின் பேசவும் வேண்டும் என்பது நம் துணிபு.

அடுத்து வந்த ‘மால்குடி டேஸ்’ நமக்கு மற்றோர் இன்பம். ஆர். கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் கருநாடகத்து ஆகும்பேயில் படமாக்கினார். எல். வைத்தியநாதனின் இசை கேட்டவுடன் பிள்ளைகள் ஓடி வருவர். நம் பக்கத்துப் பாட்டியும் பேரனும் இந்தி பேசக் கண்டு நகைத்தோம். எனினும் வடநாட்டு அண்டை வீட்டார்க்கு நம் வாழ்வை அறிமுகம் செய்த நன்றி அதற்கு உண்டு. 1988இல் வந்த ‘வாக்ளே கி துனியா’வும் அத்தகையதே. ஆர். கே. லட்சுமணின் கற்பனையில் பிறந்த அச்சிறு குமாஸ்தாவின் கவலைகள் யாவும் நம் கவலைகளே.

தமிழுக்கு மட்டும் பஞ்சம் நீடித்தது. ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் முறை வைத்து வரும். தமிழின் முறைக்காகப் பல வாரங்கள் காத்திருப்போம். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரே, காலப்போக்கில் அப்பஞ்சம் தீர்ந்தது.

அவ்வாறு வந்தவற்றுள் ‘மெட்டி ஒலி’ நம் இல்லத்தில் நிலைத்த இடம் பெற்றது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக நடித்தவர், நம் நகரின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய டெல்லி குமார். கும்பகோணத்தை விட்டு நம்மோடு வாழ வந்த அன்னையார்க்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. பகலெல்லாம் நாம் அலுவலகத்தில், பேத்தி பள்ளியில். அந்த அரைமணி நேரமே அவர் தம் மொழியில் பிறர் வாழ்வை அறியும் பொழுது. அதனை வீண் பொழுது என்று சொல்ல நமக்கு மனம் வராது.

புகுந்த வீட்டில் சரோ படும் துயரை ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, “இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் பாட்டி அங்கேயே இருக்கிறாள்?” என்று கேட்டாள். அன்னையார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எங்களுக்கெல்லாம் போவதற்கு வேறு வீடு ஏதடி, கண்ணு?” என்றார். ‘அவளுக்கு’ என்று அவர் சொல்லவில்லை, ‘எங்களுக்கு’ என்றார். அன்றிரவு, நாமும் அதுவரை கேட்டறியாத பலவற்றை அவர் பேத்திக்குச் சொன்னார். அவர் பட்ட பாட்டை அவர் வாயாலே கேட்க, ஒரு கற்பனைப் பெண்ணின் கண்ணீர் வேண்டியிருந்தது.

இன்றைய தொடர்களில் நமக்குக் குறை இல்லாமலில்லை. உறங்கும்போதும் பட்டுடுத்தும் மாதர். வேலைக்குச் சென்றும் பேருந்துக்குக் காத்திராத ஆடவர். எரிவாயு உருளை ஒருநாளும் தீராத சமையலறை. ஆயிரம் பகுதி கடந்தும் ஓயாத சூழ்ச்சி. மாதக் கடைசி என்ற ஒன்றை இவர்கள் அறியார். பெண்ணின் பொறுமையை நீட்டினால் கதையும் நீளும் என்பதற்காகவே அவளை அழவைப்பதை நாம் ஒப்பவில்லை.

அதனினும் பெரிய குறை ஒன்று நம் வீடுகளிலேயே உள்ளது. இன்று தாத்தா ஓர் அறையில், பேரன் மற்றோர் அறையில். ஆளுக்கொரு கைபேசி, காதிலே அடைப்பான். பார்ப்பதற்கு ஆயிரம் இருக்கின்றன. கண்டதைப் பேசத்தான் ஆளில்லை. அசோக்குமார் அமர்ந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. அதில் அமரப் பெரும் நடிகர் எவரும் வேண்டியதில்லை; வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் போதும். வாரத்தில் ஒருநாளேனும் பிள்ளைகளோடு ஒன்றாய் அமர்ந்து எதையேனும் பாருங்கள். முடிந்தபின், “நீ அவளிடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?” என்று தமிழில் கேளுங்கள். பிள்ளைகளின் தமிழும் வளரும். அவர்கள் உள்ளமும் நமக்குத் தெரியவரும்.