மீண்டும் வாகனம் ஓட்டலாமா?

பாரிசவாதம் வந்து எழும்பியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. கல்முனையில் ஆட்டோ ஓட்டித்தான் வாப்பா எங்களைப் படிப்பித்தார். சென்ற வருடம் அவரது இடப்பக்கம் செயலிழந்தது. ஆறு மாதத்தில், அல்ஹம்துலில்லாஹ், நடக்கத் தொடங்கினார். நடந்ததும் சாவியைக் கேட்டார். "நடக்க ஏலுமெண்டா ஓட்டவும் ஏலும்தானே?" உம்மா சாவியை ஒளித்து வைத்தார்.

இந்த வழக்கைத் தீர்த்தவர் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர். இங்கு தொழில் என்பது உத்தியோகம் மட்டுமல்ல. உடுத்தல், உண்ணல், சமைத்தல், வாகனம் ஓட்டுதல் என நாளாந்தம் நாம் செய்யும் எல்லாமே தொழில்தான். இயன்மருத்துவம் கைகால்களுக்குப் பலம் தருகிறது. அந்தப் பலத்தைக் கொண்டு அன்றாட வாழ்வை மீட்டெடுக்க உதவுவது தொழில்வழிச் சிகிச்சை. 1917 இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கமும், 1952 இல் உலக சம்மேளனமும் தோன்றின.

அவர் வாப்பாவின் கைப்பிடியைச் சோதித்தார். ஆட்டோவில் கிளச்சும் கியரும் இடக்கையில் அல்லவா! பின்பு நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு தாளைக் கொடுத்து, எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். வாப்பா முடித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் தாளின் இடப்பக்கத்தில் பல நட்சத்திரங்கள் மிஞ்சிக் கிடந்தன. கண்ணில் குறையில்லை, மூளைதான் இடப்பக்கத்தைக் கவனியாமல் விடுகிறது என்று அவர் விளக்கினார். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டால் இப்படி நேர்வதுண்டு.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்கின்றன. பாடசாலை விட்டு நாங்கள் நடந்து வருவதும் வீதியோரத்தில்தான். அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்த வாப்பா, அதன் பின் சாவியைக் கேட்கவில்லை.

சிகிச்சையாளர் கதவை மூடிவிடவில்லை. "இப்போது வேண்டாம், பயிற்சிக்குப் பின் திரும்பப் பார்ப்போம்" என்றார். பத்திரிகையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் அக்கோட்டிலிருந்து வாசிக்கப் பழக்கினார். வெளிநாடுகளில் இத்தகைய சோதனைகளின் பின், பயிற்றுநருக்கும் தனி பிரேக் உள்ள காரில் வீதியிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கையால் திருப்ப ஸ்டியரிங்கில் உருண்டைப் பிடியும், கால் இயலாதவருக்குக் கையால் இயக்கும் பிரேக்கும் பொருத்துகிறார்கள். எமது ஊர்களிலும் இவை எல்லோருக்கும் எட்ட வேண்டும்.

பெற்றோர்களே, நோயிலிருந்து எழும்பியவரிடம் சாவியை உடனே கொடுக்கவும் வேண்டாம், நிரந்தரமாக ஒளிக்கவும் வேண்டாம். முதலில் சோதித்துப் பாருங்கள். உயிரியல் பிரிவில் கற்கும் சகோதரிகளே, களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு இருக்கிறது. நம் மொழியில் பேசும் சிகிச்சையாளர்களுக்காக நம் வாப்பாமார் காத்திருக்கிறார்கள்.