முப்பதாயிரம் ரூபாயும் ஒரு பழைய கொம்பியூட்டரும்



ஒரு சின்ன விஷயத்தை நீட்டி எழுதப் போகிறேன். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். கையில் கொஞ்சக் காசோடு, பழைய கொம்பியூட்டரைத் திருத்துவதா எறிவதா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

என்னிடம் இருப்பது 2017 இல் வவுனியாவில் வாங்கிய, ஒபிஸ் ஒன்றில் பாவித்துக் கழித்த கொம்பியூட்டர். நான்காம் தலைமுறை கோர் ஐ5, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை. பின்னேரம் அதில் வினாத்தாள் அடிப்பேன். இஷா தொழுதுவிட்டு வந்து தம்பியுடன் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுவேன். ஆம், வாத்தியார்தான், வயது முப்பது தாண்டிவிட்டதுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

தம்பி இருப்பது புத்தளம், தில்லையடியில். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் வாப்பாவும் உம்மாவும் போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கு. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அங்கேதான். யுத்தம் முடிந்தபின் வாப்பா நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்தார். எனக்கு நியமனமும் இந்தப் பக்கமே கிடைத்தது. தம்பிக்கு அங்கே கடை, அங்கே கலியாணம், பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். வவுனியா, அநுராதபுரம் என்று பஸ் மாறிப் போனால் ஒரு பகல் முடிந்துவிடும். அதனால் நாங்கள் சந்தித்துக்கொண்டது அந்த விளையாட்டுக்குள்தான். ஒரு ரவுண்டில் செத்துப்போனால் அடுத்த ரவுண்ட் வரும்வரை உம்மாவின் மருந்து, கடை வியாபாரம், மகளின் பல்லுவலி என்று எல்லாம் கதைப்போம்.

2023 செப்டெம்பர் 27 ஆம் திகதி அந்த விளையாட்டு மாறியது. பழைய சி.எஸ்.கோ போய் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. பழையதற்கு 2 ஜி.பி. ரேமும் 15 ஜி.பி. இடமும் போதும். புதியதற்குக் குறைந்தது 8 ஜி.பி. ரேமும் 85 ஜி.பி. இடமும் வேண்டும். என் கொம்பியூட்டரில் திறந்து பார்த்தேன். செக்கனுக்குப் பதினைந்து படம்கூடத் தேறவில்லை. ஆள் ஓடுவது ஸ்லைட் ஷோ மாதிரி இருந்தது. இரண்டு நாள் முயன்றுவிட்டு விட்டுவிட்டேன்.

அப்போது அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. போன் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் போனில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் எவ்வளவு நேரம் கதைப்பது? "சுகமா?" "சுகம். உம்மா?" "சுகம்." அவ்வளவுதான். பிறகு வாப்பா மௌத்தானார். இங்குள்ள காணியை விற்றுப் பிரிப்போம் என்று தம்பி சொன்னான். வாப்பா திரும்பி வந்து காடு வெட்டித் துப்புரவாக்கிய காணி, விற்கமாட்டேன் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த "சுகமா"வும் குறைந்தது. ஒருவர் மாதத்தில் ஒருதரம் எடுப்பார், மற்றவர் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

இந்த வருடம் என் சீட்டு விழுந்தது. வீட்டுச் செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சியது 30,000 ரூபாய். குசினித் தகரம் மாற்ற வைத்திருந்த காசு. கொம்பியூட்டரைத் திருத்தப் போகிறேன் என்று மனைவியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "விளையாடவா, தம்பியோட கதைக்கவா?" என்று கேட்டாள். "ரெண்டுக்கும்" என்றேன். "மழைக்கு முன்னம் தகரத்துக்கும் ஒரு வழி பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் வவுனியாவில் ஒரு கடையில் விசாரித்தேன். "இதை எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்க சேர். 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்குள்ள செட் பண்ணித் தாறன். இடர்க்கடன் எடுக்கலாம்தானே?" என்றார்கள். இடர்க்கடன் ஏற்கெனவே எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதிலிருந்து, நம்மைப் போன்றவர்களுக்குப் புதிய கொம்பியூட்டர் என்பது சீட்டுக்காசில் அடங்கும் பொருள் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் புத்தகத்தை முதலில் இருந்து படி என்று சொல்வதில்லை. எந்த அடியில் பிழைத்தது என்று பார்க்கிறோம். இதையும் அப்படிப் பார்ப்போம் என்று டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாட்டை ஓடவிட்டேன். ரேம் முழுதும் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கிறது என்று அர்த்தம். ப்ரொசசருக்கு நான்கு கோர், விளையாட்டு கேட்பதும் நான்குதான். ஆனால் அதன் சூடு 95 பாகையைத் தொட்டது. சூடு கூடினால் ப்ரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெட்டியைத் திறந்தேன். எட்டு வருடத்துத் தூசி காற்றாடிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே மெத்தை மாதிரிப் படிந்திருந்தது. ப்ரொசசருக்கு மேலே பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, 900 ரூபாய்க்குப் புதுப் பசை பூசினேன். சூடு 70 க்கு இறங்கியது. 4 ஜி.பி. ரேம் ஒன்றைப் பாவித்ததாகப் பார்த்து 2,200 ரூபாய்க்கு வாங்கிப் பக்கத்தில் செருகினேன். ஒரு குச்சியாக 8 வாங்குவதைவிட இரண்டு நாலாகப் போடுவது நல்லது. இரண்டு பாதையால் தரவு போகும். இந்த 3,100 ரூபாய் வேலைக்கே பதினைந்து படம் இருபத்தைந்தானது. யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய செலவுக்கு முன் தூசியைத் தட்டுங்கள், ரேமைப் பாருங்கள்.

அடுத்தது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 7,500 ரூபாய். இது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. ஆனால் கொம்பியூட்டர் திறக்கும் நேரத்தையும் விளையாட்டு ஏறும் நேரத்தையும் சுருக்கிவிடும். விளையாடாதவர்களும் பழைய கொம்பியூட்டருக்கு இதை ஒன்று போட்டால் போதும், வினாத்தாள் அடிக்கும்போது கோபம் வராது.

கடைசியாக கிராஃபிக்ஸ் கார்ட். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். என் பெட்டியின் பவர் சப்ளையில் 290 வாட் என்று ஒட்டியிருக்கிறது. கார்டுக்குத் தனி வயர் அதில் இல்லை. போர்டில் செருகும் இடத்திலிருந்து 75 வாட் மட்டும்தான் எடுக்கலாம். பெரிய கார்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பவர் சப்ளையையும் மாற்றவேண்டும். ஒபிஸ் பெட்டிகளில் பலதுக்குச் சாதாரண பவர் சப்ளையின் பிளக் பொருந்தாது. அதனால் 75 வாட்டுக்குள் நிற்கும் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. ஒன்றைத் தேடினேன். 2016 இல் வந்த கார்ட், 4 ஜி.பி. நினைவகம். வவுனியாவில் பாவித்தது ஒன்று 15,500 ரூபாய்க்குக் கிடைத்தது. காசு கொடுக்க முன்னம் கடையிலேயே இருபது நிமிடம் ஒரு கேமை ஓடவிட்டுப் பார்த்தேன். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்றபிறகு, இரவு பகலாக வேலை செய்து களைத்த கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. காற்றாடிச் சத்தம், ஆணிகளில் கழற்றிய தழும்பு, கருகல் மணம், மூன்றையும் பாருங்கள்.

சந்தோஷமாக பஸ் ஏறி வந்து கார்டைச் செருகினால், என் மொனிட்டரில் இருப்பது வி.ஜி.ஏ. வயர் மட்டும். கார்டில் வி.ஜி.ஏ. ஓட்டையே இல்லை! வாத்தியாரின் புத்தி அவ்வளவுதான். எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ. ஆக்கும் அடப்டர் 1,200 ரூபாய். வாங்க முன்னம் மொனிட்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஹெட்செட் 2,500 ரூபாய். அதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். முன்பு ஒருநாள் ஸ்பீக்கரில் விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவு அக்கா வேலியடிக்கு வந்து, "தம்பி, அது என்ன சத்தம்?" என்று கேட்டார். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர். முகம் வெளிறியிருந்தது. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. அன்றிலிருந்து ஹெட்செட் இல்லாமல் அந்த விளையாட்டை நான் திறப்பதில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு துவக்கு விளையாட்டா என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதிலும் இல்லை.

எல்லாம் கூட்டினால் 29,800. பஸ் காசு சேர்ந்ததும் முப்பதைத் தாண்டிவிட்டது.

விண்டோஸ் பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான ஆதரவு முடிந்தது. நான்காம் தலைமுறை ப்ரொசசருக்கு முறைப்படி 11 கிடைக்காது. ஆனால் மைக்ரோசொஃப்ட் கணக்கால் பதிந்து, உங்கள் செட்டிங்ஸை அவர்களிடம் பிரதி வைக்கச் சம்மதித்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் வரும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு லினக்ஸா வேறெதுவா என்று பார்ப்போம்.

மிஞ்சிய பிரச்சினை விளையாட்டை இறக்குவது. எங்கள் 4ஜி டேட்டாவில் அது ஒரு மாத வேலை. வெட்கத்தை விட்டுத் தம்பிக்கு மெசேஜ் போட்டேன்: "உன்ட மெஷின்ல இருந்து கேமை ஒரு டிஸ்க்ல கொப்பி பண்ணி அனுப்பேலுமா?" காணிக் கதைக்குப் பிறகு நானாக அவனிடம் கேட்ட முதல் உதவி அது. பதில் வரவில்லை. நான்கு நாள் கழித்து, புத்தளத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் ஒரு பை கொண்டுவந்து தந்தார். உள்ளே டிஸ்க். அதற்குக் கீழே உம்மாவுக்குக் கற்பிட்டிக் கருவாடு.

அன்று இரவு இஷாவுக்குப் பிறகு திறந்தோம். 80 படத்துக்கு மேல் ஓடியது. புகைக்குண்டு வெடித்தால் 55 க்கு இறங்கியது. அது போதும். முதல் மூன்று ரவுண்டும் விளையாட்டைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. நாலாவதில் இருவருமே செத்துப்போய்ச் சும்மா இருந்தோம். "வாப்பாட மாமரம் காய்ச்சதா?" என்று கேட்டான். "இந்த முறை நல்லாக் காய்ச்சது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "காணிக் கதையை நோன்புப் பெருநாளைக்கு வந்து கதைப்பம்" என்றான். சரி என்றேன். விற்கமாட்டேன் என்ற என் முடிவு மாறவில்லை. அவனுடையதும் மாறியிருக்காது. ஆனால் வருகிறான்.

அடுத்த ரவுண்டில் நான் கொஞ்சம் சத்தமாகக் கத்திவிட்டேன் போல. உம்மா கதவடியில் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் திரும்பவும் சண்டையா?"

"இல்லை உம்மா, விளையாடுறம்" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

குசினித் தகரத்துக்குத் துஆச் செய்யுங்கள். மழைக்கு முன்னம் போடவேண்டும்.