கால் டம்ளர், அரை டம்ளர்

குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று தெரிந்தால் போதும், கேட்கிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்: "நின்னுச்சா?" மாமனார் கும்பகோணத்திலிருந்து போன் போட்டுக் கேட்டார். அலுவலகத்தில் கேட்டார்கள். பால்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது பத்து மாதம். மார்கழிக் குளிரில் முதலில் வாந்தி, பிறகு காய்ச்சல், அடுத்து வெறும் தண்ணீராகப் பீச்ச ஆரம்பித்துவிட்டது.

அம்மாவிடம் காரணங்கள் தயாராக இருந்தன. பல்லு முளைக்குது. இல்லையென்றால் மாந்தம். அதுவும் இல்லையென்றால் குடலேத்தம்: "பிள்ளையத் தூக்கிப் போட்டு வெளையாண்டது யாருடா?" நான் பதில் சொல்லவில்லை. மருமகளுக்கு உத்தரவு வேறு: "ரெண்டு நாளைக்குத் தாய்ப்பால் குடுக்காதம்மா, வயித்துக்கு ஓய்வு வேணும்." அம்மாவை மட்டும் இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை. குடலுக்கு ஓய்வு கொடு, பட்டினி போடு என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். அம்மா எங்களை வளர்த்த காலத்தில் கேட்டது அப்படியே மனதில் தங்கிவிட்டது. என் மனைவி சண்டைக்குப் போகவில்லை. "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பால் கொடுத்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் நான்தான் கொஞ்சம் எகிறினேன். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆறு, பத்து, பதினாலாவது வாரம் என்று மூன்று தவணையும் போட்டிருக்கிறோம், பிறகு எப்படி வரும்? அவர் அசரவில்லை. "அது போட்டதாலதான் சார் இப்படி உட்கார்ந்து சிரிக்கிறான்னு வச்சுக்குங்க" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன். வேலூர், புனே, டெல்லி ஆகிய இடங்களில் நடந்த பரிசோதனையில், நம் நாட்டில் உருவான ரோட்டா தடுப்பு மருந்து கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்குச் சற்று மேல் தடுத்திருக்கிறது. மீதி வரத்தான் செய்யும். வேறு கிருமிகளும் இருக்கின்றன.

நர்ஸம்மா வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். சட்டென்று பழையபடி ஆனது. கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயருகே கொண்டுபோனார், பையன் ஸ்பூனைக் கவ்விக்கொள்ளாமல் நிதானமாகக் குடித்தான். "வீட்லயே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களே கலக்குங்க." ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் கொதிக்கவைத்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீர், முழு பாக்கெட். பாதியைக் கொட்டிக்கொண்டு மீதியை மடித்து வைக்கக் கூடாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தடவை போனதும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை. நிற்கிற மாத்திரை ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன். சின்னக் குழந்தைக்கு அதெல்லாம் கூடாது, குடலையே முடக்கிப்போடும் என்றார். ஆண்டிபயாடிக்கும் ரத்தபேதி, காலரா மாதிரி இருந்தால்தான். பிறகு அவராகவே ஒன்று சொன்னார்: "இது குடுத்தா பேதி நிக்காது சார். இப்பவே சொல்லிடறேன். அது தானா நிக்கறப்போதான் நிக்கும்."

நிற்க வைக்காத மருந்தை இரவெல்லாம் ஊட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு ஸ்பூன் ஊட்டி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, இன்னொரு ஸ்பூன். கால் டம்ளர் உள்ளே போவதற்குள் கீழே துணி நனைந்துவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு ஆசை வந்தது. மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. பிள்ளை இன்னும் கொஞ்சம் துவண்டுவிட்டால் தேவலை என்று இருந்தது. துவண்டால் தூக்கிக்கொண்டு ஓடலாம். யாராவது ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடலாம். க்ளூக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று நம் பக்கத்து ஜனங்கள் டாக்டரிடம் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் அறியாமையோடு இந்தக் களைப்பும் சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. பாட்டில் மாட்டினால் பொறுப்பு கைமாறிவிடுகிறது.

அந்தப் பாட்டில் தீர்ந்துபோன ஒரு இடத்தில்தான் இந்தப் பாக்கெட் தன்னை நிரூபித்தது. 1971-இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்க எல்லையில் பொங்காவ் என்ற ஊரில் குவிந்தார்கள். காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள், ஏற்றுவதற்கு சலைன் இல்லை. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகாலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து கலந்த கரைசலை உறவினர்கள் கையில் கொடுத்து, ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, அவர் கவனித்த நோயாளிகளிடையே 4-க்கும் கீழே இறங்கியது. அங்கே வேலை செய்ததெல்லாம் அம்மா, அக்கா, புருஷன் என்று பக்கத்தில் இருந்தவர்களின் கைகள்தான். அவர் 2022-இல் இறந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

உப்பு எதற்கு, சர்க்கரை எதற்கு என்பதையும் நான் அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். குடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியாகிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அதனால்தான் அளவு முக்கியம். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், சிட்ரேட். சர்க்கரை ஏறிவிட்டால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகப்படுத்தும். மருந்துக் கடையில் அழகான அட்டைப் பெட்டியில், ஆப்பிள் ருசியில், பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்டு நின்றவை பல இந்த ரகம்தான். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைக் கண்ட பானத்துக்கும் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

நர்ஸம்மா கவனிக்கச் சொன்னது வேறு ஒன்றை. எத்தனை தடவை வெளிக்குப் போனான் என்பதைவிட, ஒண்ணுக்குப் போனானா என்று பாருங்கள் என்றார். ஆறு மணி நேரம் போகாவிட்டால், குடிக்காமல் துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். சொல்வது சுலபம். டயப்பர் கட்டிய பிள்ளைக்கு எது மூத்திரம், எது தண்ணீர் பேதி என்று யார் பிரிப்பது? இங்கே அம்மாதான் கைகொடுத்தார். டயப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து விரித்தார். முன்பக்கம் நனைந்தால் ஒன்று, பின்பக்கம் நனைந்தால் இன்னொன்று. இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டிலும் அம்மா பக்கம் நியாயம் இருந்தது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைய மசித்த தயிர்சாதம், வாழைப்பழம். பட்டினி என்பதை அவர் பாலோடு நிறுத்திக்கொண்டிருந்தார் போலும், ஏனென்றால் கஞ்சி கொடுப்பதற்கு அவரிடம் தடையே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வழக்கத்தைவிட அடிக்கடி ஊட்டினார். நோய் தெளிந்த பிறகும் சில நாள் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. இழந்த எடை அப்போதுதான் திரும்புமாம்.

சிக்கல் சுகாதார நிலையத்தில் கொடுத்த துத்தநாக மாத்திரையில் வந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ போட்டால் கரைந்துவிடும். பேதி நின்று பையன் தவழ்ந்து திண்ணையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்குடா மாத்திரை?" என்றார் அம்மா. அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வராமல் இருக்க அது உதவும் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனால் பட்டையில் மாத்திரை மிச்சமாகி வீணாவது அவருக்குப் பொறுக்காது. அரசாங்க மாத்திரை என்றாலும் மாத்திரைதான். முழுவதும் கொடுத்து முடித்தது அவர்தான்.

இப்போது எங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அம்மாதான் ஆலோசனை. பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். பாக்கெட்டை மட்டும் கண்ணளவில் டம்ளரில் கொட்டப் பார்ப்பார், அதற்காக ஒரு லிட்டர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். குடலேத்தத்தை விடுவதாக இல்லை. கரைசல் ஊட்டி முடித்த பிறகு விளக்கெண்ணெய் தடவி லேசாக நீவிக்கொள்ளட்டும், பிள்ளையைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது என்று உடன்பாடு. உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப் போகலாம் என்ற பேச்சை மட்டும் நானும் மனைவியும் எடுக்க விடுவதில்லை.